தொழிலாளர் கூட்டுறவும் உலகச் சந்தையும்: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசிப் பக்கம் சின்னச் சின்னத் தையல் யூனிட்டுகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன்பு ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம். செக்கிங் டேபிளில் சேர்ந்து கணக்கு அறை வரைக்கும் போனேன். "நாங்களே சேர்ந்து ஒரு யூனிட் போட்டா என்னங்க?" என்று வருஷத்துக்கு நாலு கூட்டமாவது வந்து உட்கார்ந்துவிடும். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் அதேதான். எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணி மிச்சம் என்று எழுதியது இது.

கூட்டுறவுன்னா சொசைட்டிதானுங்களே? பால் சொசைட்டி, கடன் சொசைட்டி மாதிரி?

குடும்பம் ஒன்று, கிளை வேறு. பால் சொசைட்டியில் மாடு வைத்திருப்பவர் அங்கத்தினர். பாலை அளந்து ஊற்றுகிறவரும் கேனைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறவரும் சம்பளத்துக்கு இருப்பவர்கள். கடன் சொசைட்டியில் நகை வைக்கிறவரும் உரம் வாங்குகிறவரும் அங்கத்தினர். தொழிலாளர் கூட்டுறவில் மெஷினில் உட்காருகிறவர்தான் அங்கத்தினர், அவர்தான் சொந்தக்காரர். மேனேஜரை வைப்பதும் அனுப்புவதும் அவர் ஓட்டில் நடக்க வேண்டும்.

நம்ம பக்கம் இதற்குக் கிட்டே வருவது சென்னிமலை, பவானி, சிறுமுகை நெசவாளர் சங்கங்கள். தறி நெசவாளர் வீட்டில் இருக்கும். சங்கம் பாவும் ஊடையும் கொடுத்து, நெய்த துணியை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கும். துணியைச் சொந்தக் கடையிலும், 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் வழியாகவும் விற்கும். நெசவாளருக்கு ஓட்டு உண்டு. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த வீட்டில் ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற மனைவியும் வேலைதான் செய்கிறார். பதிவேட்டில் பெரும்பாலும் தறி ஓட்டுகிற ஒருத்தர் பெயர்தான் இருக்கும். இந்தப் பதிவேட்டு விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒண்ணு எங்கயாச்சும் உருப்படியா ஓடுதுங்களா?

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரை பக்கம் ஊராளுங்கல் என்று ஓர் ஊர். வாக்படானந்தர் என்ற சீர்திருத்தத் துறவியின் ஆட்களுக்கு நிலக்காரர்கள் வேலை தர மறுத்தார்கள். அவர்கள் சேர்ந்து 1925-ல் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் பதினாலு பேர். இன்று அந்தச் சங்கம் நெடுஞ்சாலையும் பாலமும் கட்டுகிறது, கோழிக்கோட்டில் ஐ.டி. பார்க்கும் நடத்துகிறது. நூறு வருஷம் தாண்டிவிட்டது.

அதே கேரளத்தில் கண்ணூர் தினேஷ் பீடி இருக்கிறது. பீடித் தொழிலாளருக்கு 1966-ல் சட்டம் வந்தது. அதை அமல்படுத்தச் சொன்னபோது, வெளியூர் முதலாளிகள் கடையைச் சாத்திக்கொண்டு போனார்கள். சுமார் 12,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். 1969-ல் பிறந்தது தினேஷ். பீடி குடிக்கிறவர்கள் குறையக் குறைய மசாலாப் பொடி, குடை என்று மாறியும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. இந்தியன் காபி ஹவுஸ் தெரியும்தானே? காபி போர்டு தன் கடைகளை மூடியபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் துணை நிற்க, 1957-லிருந்து வேலை போன தொழிலாளர்களே ஊர் ஊராகச் சங்கம் வைத்து எடுத்து நடத்தியது அது.

வெளிநாட்டில் எல்லாரும் சொல்கிற பெயர் மோந்திராகோன். ஸ்பெயினின் பாஸ்க் மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊர். 1941-ல் அங்கே வந்த அரிஸ்மெந்தியாரியேத்தா என்ற இளம் பாதிரியார் 1943-ல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அதில் படித்த ஐந்து பேர் 1956-ல் அடுப்பு, ஹீட்டர் செய்யும் பட்டறை போட்டார்கள். 1959-ல் சொந்த வங்கி. இன்று எண்பதைச் சுற்றிக் கூட்டுறவுகள், சுமார் 70,000 பேர் வேலை செய்கிறார்கள். கோயமுத்தூர்க்காரருக்கு இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது. பள்ளிக்கூடம், லேத்துப் பட்டறை, பம்பு, மோட்டார் என்று நாமும் அதே வழியில் வந்தவர்கள்தான். முதல் போட்டவர் யார் என்ற இடத்தில்தான் பாதை பிரிந்தது.

பத்து லட்சம் போட்டவனுக்கும் பத்தாயிரம் போட்டவனுக்கும் ஒரே ஓட்டா? இது நாயமுங்களா?

நம்ம பக்கம் முதலில் மூஞ்சி சுளிக்க வைப்பது இந்த விதிதான். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி, சங்ககிரியில் லாரி, திருப்பூரில் நிட்டிங் மெஷின், எல்லாவற்றிலும் நாம் பங்கு போட்டுத் தொழில் செய்து பழகியவர்கள். கால் பங்குக்காரன் கால் வாய் பேசுவான், முக்கால் பங்குக்காரன் முடிவு எடுப்பான். சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் பட்டறைக்காரர்கள் பங்கு போட்டுத்தான் நடத்துகிறார்கள். கூட்டு நமக்குப் புதிதில்லை. பணத்துக்கு ஓட்டு இல்லை என்பதுதான் புதிது.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர், அதில் நெசவாளர்களும் இருந்தார்கள், ஒரு மளிகைக் கடை போட்டார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற வழக்கத்தை உலகம் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. அதிகம் போட்டவருக்கு வட்டி கொடுங்கள், வரம்பு வைத்துக் கொடுங்கள். கூடுதல் அதிகாரம் கொடுக்காதீர்கள். அதிகம் பணம் வைத்திருக்கும் ஒருத்தர் கடனாகத் தரலாம், அதற்குத் தனிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். பங்கு, எல்லாருக்கும் ஒரே தொகை. இதை முதல் நாளே எழுதாமல் "அப்பறம் பாத்துக்கலாம்" என்று விட்ட குழு எதுவும் என் அனுபவத்தில் ரெண்டாவது தீபாவளி பார்த்ததில்லை.

பையர் வெலையை அடிக்கறான், ரெண்டு மணி நேரத்துல பதில் சொல்லோணும்ங்கறான். அப்பப் போயி கூட்டம் போட்டுட்டு உக்கார முடியுமா?

முடியாது. போடவும் வேண்டாம். இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பல பேர் கூட்டுறவு சரிப்படாது என்று எழுந்து போய்விடுகிறார்கள். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இருபது பேர் வேலை செய்யும் ஒரு பவர் டேபிள் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய பீஸ் வரும், அடித்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பித் தர வேண்டும். கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட தொகைகள் இவை: ஒரு நாளைக்கு 1,000 டி-ஷர்ட், பீஸுக்கு 14 ரூபாய் கூலி, மொத்தம் 14,000. ஆளுக்குச் சராசரி 500 வீதம் சம்பளம் 10,000. வாடகை, கரண்ட், நூல், ஊசி, மெக்கானிக், டீ எல்லாம் சேர்த்து 2,200. மிச்சம் 1,800. விலையை 13-க்கு இறக்கினால் மிச்சம் 800. 12.50-க்கு 300. 12 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால் தினமும் 200 ரூபாய் நம்ம கையிலிருந்து போகும்.

இந்தக் கணக்கை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் கொடுத்த பிறகு, எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு ஒரே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 13 ரூபாய் வரைக்கும் மேனேஜரே முடிவெடுக்கலாம், அதற்குக் கீழே என்றால் கூட்டத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பையர் போன் பண்ணும்போது மேனேஜர் கையில் அந்த முடிவு ஏற்கெனவே இருக்கும். நூல் விலை ஏறினால், சம்பளம் ஏறினால், கோட்டை மறுபடி போடுங்கள்.

நான் பார்த்த ஒரு கூட்டத்தில் இப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போது பிசிறு வெட்டும் அக்கா ஒருத்தர் நடுவில் கை தூக்கினார். "தம்பி, இந்த ஆல்ட்டர் பீஸை எந்தக் கணக்குல சேத்தீங்க?" என்றார். நான் சேர்க்கவே இல்லை. தையல் பிரித்து மறுபடி அடிக்கிற பீஸுக்கு ரெண்டு மடங்கு நேரம் போகிறது, கூலி ஒரு தடவைதான் வருகிறது. அவர் தன் மேஜையில் சுண்ணாம்புக் கட்டியில் போட்டு வைத்திருந்த கோடுகளை எண்ணினோம். அந்த வாரம் மட்டும் நானூத்திச் சில்லறை. எங்கள் 13 ரூபாய்க் கோடு அன்று ராத்திரியே 13.40 ஆனது. கணக்கைப் படித்துக் காட்டுவதை மரியாதைக்குச் செய்கிற சடங்கு என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

ஆர்டரே இல்லாம போச்சுன்னா? ஓட்டுப் போட்டா சோறு வந்துருமுங்களா?

வராது. சந்தை சாய்கிறபோது கூட்டுறவும் சேர்ந்து சாயும். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும் சரி, 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் சரி, தையல் யூனிட் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மெஷின் நின்றது.

வித்தியாசம், நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்பதில் இருக்கிறது. கம்பெனியில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார். மோந்திராகோனில் வேறு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டுறவில் வேலை குறைந்தால் ஆட்கள் வேலை இருக்கிற இன்னொரு கூட்டுறவுக்கு மாற்றப்படுவார்கள். எல்லாருடைய சம்பளத்தையும் குறைத்துக்கொள்ளலாமா என்று ஓட்டுக்கு விடுவார்கள். நல்ல காலத்து லாபத்தில் பெரும்பகுதி கையில் வராது. கூட்டு நிதிக்கும், அவரவர் பெயரில் இருக்கும் உள்கணக்குக்கும் போகும். விலகும்போதுதான் அந்த உள்கணக்குப் பணம் வரும்.

அதுவும் எல்லாவற்றையும் தாங்கிவிடவில்லை. அந்த ஐந்து பேர் தொடங்கிய பட்டறைதான் பிறகு ஃபாகோர் என்ற பெயரில் பெரிய வீட்டுச் சாதனக் கம்பெனியாக வளர்ந்தது. 2005-ல் கடன் வாங்கி பிரான்ஸில் 'பிராண்ட்' என்ற பெயருள்ள வீட்டுச் சாதனக் கம்பெனியை வாங்கினார்கள். 2008-ல் ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் படுத்தது. புது வீடு இல்லையென்றால் புது அடுப்பும் வாஷிங் மெஷினும் யார் வாங்குவது? மற்றக் கூட்டுறவுகள் பல வருஷம் பணம் கொடுத்துத் தாங்கின. 2013-ல் இனி முடியாது என்று கையை விரித்தன. ஃபாகோர் திவாலானது. அங்கத்தினர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டியே ஓய்வோ கிடைத்தது. உள்ளே போட்டு வைத்த பணம் போனது போனதுதான்.

இதிலிருந்து நம்ம இருபது பேர் யூனிட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: மூணு மாசச் சம்பளத்துக்காவது கூட்டு நிதி சேர்கிற வரைக்கும் லாபத்தைப் பிரிக்காதீர்கள். சேமிப்பு முழுவதையும் சங்கத்திலேயே போட்டு வைக்கவும் வேண்டாம். சீட்டு, தங்கம், தபால் ஆபீஸ், ஏதாவது ஒன்று வெளியே இருக்கட்டும். பக்கத்து ஊரில் இன்னொரு யூனிட் வந்தால் போட்டி என்று பார்க்காமல் பழகி வையுங்கள். ஆள் மாற்றிக்கொள்ள ஓர் இடம் அது.

வடக்கத்திப் பசங்களையும் அங்கத்தினரா சேக்கோணுமுங்களா?

ஆமாம். இந்தக் கேள்வியில் தடுமாறினால் மற்ற எதிலும் சரியாக நடப்பதில் பயனில்லை என்பது என் எண்ணம். ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் நண்பர்களிலேயே உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பதினாலு பேர் சேர்ந்து போட்டது. பச்சை அட்டை போட்ட நோட்டில் பதினாலு பெயரும் கையெழுத்தும், நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் ரெண்டு வருஷம் சனிக்கிழமைக் கூட்டம் தவறாமல் நடந்தது. பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அவசரத்துக்கு இருபத்திரண்டு பேரை வெளியே இருந்து எடுத்தார்கள். ஒடிசா, பீகார் பையன்கள், கூடவே பக்கத்துக் காலனியிலிருந்து பெண்கள். "சீசன் முடியட்டும், அப்பறம் பேர் சேக்கலாம்" என்றார்கள். சீசன் முடிவதே இல்லை, உங்களுக்குத் தெரியாததா? நாலாவது வருஷம் போனஸ் பேச்சில் அந்த இருபத்திரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். உள்ளே பதினாலு பேர் ஓட்டுப் போட்டு, ஜனநாயக முறைப்படியே, அவர்களுக்குப் பாதிப் போனஸ் என்று தீர்மானித்தார்கள். ஓட்டு முறைப்படி தீர்மானம் சரியானது. பதிவேடும் சரியானது. நான் அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மோந்திராகோனிலும் இதேதான். ஃபாகோர் போலந்திலும் பிரான்ஸிலும் ஆலைகளை வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் அங்கத்தினர் ஆகவில்லை. அவர்கள் ஆலையின் கதி பாஸ்க் ஊரில் நடக்கும் ஓட்டெடுப்பில் முடிவானது. உலகச் சந்தை வந்து யாருடைய ஓட்டையும் பிடுங்குவதில்லை. ஆர்டர் ஏறி இறங்கும்போது ஓட்டு இல்லாத ஆட்களை வைத்து அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் பழக்கம் வருகிறது. பழகிவிட்டால் ஓட்டு உள்ளவர்கள் சின்ன முதலாளிகள் ஆகிவிடுகிறார்கள், ஒருத்தருக்கும் உறைக்காது.

ஆகவே மாதாமாதம் நான் கேட்கும் கணக்கு ஒன்றுதான். வேலை செய்கிறவர் எத்தனை, பதிவேட்டில் பெயர் எத்தனை? பத்தில் எட்டுக்குக் கீழே போனால் அடுத்த கூட்டத்தில் வேறு பேச்சு வேண்டாம். ஆறு மாசம் வேலை செய்த எவரும் கேட்டால் அங்கத்தினர் ஆகலாம் என்று விதி இருக்கட்டும். பங்குத் தொகையைச் சம்பளத்தில் வாரம் நூறு ரூபாயாகப் பிடியுங்கள், மொத்தமாகக் கேட்டால் யாராலும் முடியாது. கூட்ட அறிவிப்பு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். எழுதத் தெரிந்த பையன் லைனிலேயே ஒருத்தன் இருப்பான்.

சாதி பத்தி ஏனுங்க யாரும் பேசறதில்ல?

பேசினால் கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம். பேசாவிட்டால் கூட்டம் சும்மா பெயருக்கு நடக்கும். நம்ம ஊர்ச் சொசைட்டி போர்டுகளில் தலைவர் நாற்காலி எந்தத் தெருவுக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். காட்டு வேலைக்கு வந்தவரின் மகளும், காடு வைத்திருந்தவரின் மகனும் ஒரே லைனில் தைக்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தர் நாற்காலியில் உட்கார இன்னொருத்தர் சுவர் ஓரம் நின்றால், ஓட்டு ஒன்றாக இருந்து என்ன செய்ய? நாற்காலியே போடாதீர்கள். எல்லாருக்கும் பாய். தலைவர் பதவி வருஷா வருஷம் சுழற்சியில் போகட்டும், அதில் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவுக்கும் முறை வரட்டும். டம்ளர் ஒரே மாதிரி டம்ளர்.

பொம்பளைங்க கூட்டத்துக்கு வர்றதே இல்லீங்களே?

எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? ராத்திரி எட்டு மணிக்கு வைத்தால் கடைசி பஸ் போய்விடும், வீட்டில் அடுப்புக் காத்திருக்கும். வேலை நேரத்துக்குள் வையுங்கள். சனிக்கிழமை நாலரைக்கு மெஷினை நிறுத்திவிட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் போட்டு. இருபது பேருக்கு ஒரு மணி நேரம் செலவாகும். கரண்ட் கட் ஆகும்போது இதைவிட அதிகம் போகிறது.

மேனேஜருக்கு எவ்வளவு குடுக்கறது? பையர்கிட்டப் பேசி ஆர்டர் பாக்கற நல்ல மெர்ச்சண்டைசர் நம்ம சம்பளத்துக்கு வருவாரா?

மோந்திராகோனில் ஆரம்பத்தில் மேல் சம்பளம், கீழ்ச் சம்பளத்தைப் போல மூணு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். பிறகு வெளியே அதிகம் கொடுக்கிறார்கள் என்று ஏற்றி ஏற்றி, பொதுவாக ஆறு மடங்கு வரைக்கும் வந்திருக்கிறது. ஏற்றும்போதெல்லாம் சண்டை. இருபது பேர் யூனிட்டுக்கு மூணு மடங்கு தாராளம். அதற்கு வராதவர் வேண்டாம். உங்களில் ஒரு பெண்ணை மாலை வகுப்புக்கு அனுப்பி மெர்ச்சண்டைசர் ஆக்குங்கள், ரெண்டு வருஷம் ஆகும்.

சங்கமாப் பதிஞ்சா சர்க்கார் தனி அலுவலரைப் போட்டுருமாமே?

இந்தப் பயம் வீண் இல்லை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ன் கீழ் பதிந்தால் பதிவாளருக்கு நிறைய அதிகாரம் உண்டு. தணிக்கை, தேர்தல், போர்டைக் கலைப்பது வரைக்கும். நம்ம மாநிலத்தில் சங்கங்கள் தேர்தல் இல்லாமல் அலுவலர் கையில் வருஷக்கணக்காக இருந்த காலங்கள் உண்டு. கடைசியாக 2018-ல் தேர்வான நிர்வாகக் குழுக்களின் ஐந்து வருஷம் 2023-ல் முடிந்தபோது மறுபடி அதே நிலைதான்.

2011-ல் கொண்டுவந்த 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை 19-ஆவது பிரிவில் சேர்த்து அடிப்படை உரிமை ஆக்கியது. அதே திருத்தத்தில் போர்டுக் காலம், தேர்தல் பற்றிய ஒரு தனிப் பகுதியும் இருந்தது. மாநிலங்களின் ஒப்புதல் வாங்காமல் கொண்டுவந்தது என்று சொல்லி, மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை இருக்கிறது. நடத்தும் விதிகள் மாநிலச் சட்டத்தின் கையில்.

வேறு வழி ரெண்டு. 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்த உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று. பொள்ளாச்சிப் பக்கத் தென்னை விவசாயிகள் அமைத்திருப்பது இந்த வகைதான். பத்துப் பேர் இருந்தால் போதும், தனிநபர் அங்கத்தினருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, கைத்தறியும் கைவினையும் அதில் வரும். ஆனால் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டை அதில் நுழைப்பது சிரமம், ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று எல்.எல்.பி., அதாவது பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப். ஒப்பந்தத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம், சர்க்கார் தலையீடு குறைவு. அதில் எல்லாரும் பார்ட்னர், யாரும் தொழிலாளி இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேள்வி வரும்போது அது குறுக்கே நிற்கும்.

எதில் பதிந்தாலும் சங்கத்தின் உள்விதிகளை நாலு பக்கத்துக்குள் எழுதி சுவரில் ஒட்டுங்கள். எனக்குத் தெரிந்து தனி அலுவலர் வந்து கெடுத்ததைவிட, யாரும் படிக்காத உள்விதிகளால் கெட்டவைதான் அதிகம்.

மூடுன மில்லைத் தொழிலாளிகளே எடுத்து நடத்தலாமுங்களா? கோயமுத்தூர்ல எத்தனை மில்லு கெடக்குது!

ஆசையாகத்தான் இருக்கிறது. மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழக (என்.டி.சி.) மில்கள் 2020 மார்ச்சில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இத்தாலியில் 1985-லிருந்து இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, மார்க்கோரா சட்டம் என்பார்கள். மூடும் ஆலையின் தொழிலாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து எடுத்தால், அவர்கள் போடும் பணத்துக்கு இணையாக அரசு நிதியும் வரும். நம்ம நாட்டில் மும்பை கமானி டியூப்ஸ் ஆலையை 1988-ல் தொழிலாளர்களே எடுத்தார்கள், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய். சில வருஷம் ஓடியது, பிறகு தடுமாறியது. மூடுகிற நிலைக்கு வந்த ஆலையில் மெஷின் பழசாகியிருக்கும், கடன் ஏறியிருக்கும், வாடிக்கை வேறு பக்கம் போயிருக்கும். ஓட்டுரிமை இதில் எதையும் சரி செய்யாது. மில்லைத் தேடுவதைவிட, மில்லில் வேலை தெரிந்த இருபது பேரைத் தேடுவது சுலபம்.

ஃபேர் டிரேட் (நியாய வணிகம்) சர்டிபிகேட் வாங்கினா பையர் நல்ல வெலை குடுப்பானா?

கொஞ்சம் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். ஆடிட் வருகிறவர்கள் தீயணைப்புக் குடுவை, கழிப்பறை, வயது, சம்பளப் பதிவேடு எல்லாம் பார்ப்பார்கள். கூட்டத்தில் யார் பேசினார், யார் பேசவில்லை என்று பார்க்கிற ஆடிட்டரை நான் கண்டதில்லை. சர்டிபிகேட் செலவு ஆர்டர் சைஸுக்குக் கட்டுபடியானால் வாங்குங்கள்.

பெருசா வளந்துட்டா எல்லாம் கம்பெனி மாதிரி ஆயிருமுங்களே?

ஆகும், பார்த்துக்கொள்ளாவிட்டால். நம்ம ஊர்ப் பங்காளித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கொஞ்சம் வளர்ந்ததும் பிரிந்து தனித்தனியாகப் போடுவார்கள். அதைக் கெட்டது என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அறுபது பேர் ஆனதும் முப்பது முப்பதாகப் பிரிந்து, நூல் வாங்குவது, பையரிடம் பேசுவது, லாரி பிடிப்பது எல்லாம் சேர்ந்து செய்யலாம். கூட்டத்தில் எல்லாருக்கும் எல்லார் பெயரும் தெரிகிற அளவு அது. மோந்திராகோனும் ஒரே கம்பெனி கிடையாது. தனித்தனிக் கூட்டுறவுகள் சேர்ந்த கட்டு அது. பிடிக்காவிட்டால் ஓட்டுப் போட்டு வெளியேறலாம். 2022 டிசம்பரில் உல்மா, ஒரோனா என்ற ரெண்டு பெரிய கூட்டுறவுகள் அப்படித்தான் வெளியேறின. மற்றவர்களுக்கு வருத்தம் இருந்தது. தடுக்க யாராலும் முடியவில்லை, தடுக்க விதியும் இல்லை.

ஊருக்குப் போன பையன் திரும்பி வரலீன்னா அவன் பங்கு என்னாகும்?

அவனுடையதுதான். வாரம் நூறு வீதம் பிடித்து ஐயாயிரம் சேர்ந்திருந்தால் அந்த ஐயாயிரமும், அவன் பெயரில் ஒதுக்கிய லாபமும் அவனுக்குப் போக வேண்டும். நஷ்ட வருஷமாக இருந்தால் அவன் பங்குக்கு வரும் நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளலாம், அதையும் எழுதிக் காட்ட வேண்டும். சேரும்போதே வங்கிக் கணக்கு எண்ணும் ஊர் போன் நம்பரும், வீட்டில் இன்னொருத்தர் நம்பரும் வாங்கி வையுங்கள். ஒரு வருஷம் வரைக்கும் பெயரை அடிக்காதீர்கள். சத் பூஜைக்குப் போனவர்கள் சில சமயம் நெல் அறுத்துவிட்டுத்தான் வருவார்கள்.